பழவேற்காட்டு நீரும் வெண்மணி நெருப்பும்

சென்னை மாநகரிலிருந்து வடக்கு நோக்கிப் பொன்னேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் சாலை நீர்ப்பரப்பில் போய் முடிகிறது. அதுவே பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்முனை மட்டுமே நம் தமிழ்நாட்டுக்கு உரியது. கிழக்கே வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட கரையென அமைந்திருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இரு நீரும் கலக்கும் அவ்விடத்தில் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கி, ஆழமற்ற நீரில் தலை கவிழ்த்து இரை தேடுகின்றன.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவ்வூர் வேறொரு வகையிலும் அறிமுகமானது. போர்த்துக்கீசியர் 1515-ஆம் ஆண்டளவில் இங்கே தேவதாய்க்கு ஓர் ஆலயம் எழுப்பினர் என்பது வழிவழி வரும் செய்தி. இன்று அத்திருத்தலம் மகிமை மாதா ஆலயம் என வழங்குகிறது. 500 ஆண்டுகளாகக் கடலையும் ஏரியையும் நம்பி வாழும் மக்கள், அன்னையின் திருவடியில் விளக்கேற்றி வருகின்றனர். நடுவூர் மாதா குப்பம் என்ற ஊர்ப்பெயரே அந்தப் பக்திக்குச் சான்று. ஆலயத்திற்கு அருகே மசூதியும் கோயிலும் உண்டு. இசுலாமியப் பெண்கள் பனையோலையில் பின்னும் வண்ணப் பெட்டிகள் இவ்வூரின் பெருமைகளுள் ஒன்று. பல சமயத்தாரும் ஒரே நீரைப் பார்த்து வாழும் ஊர் என்று இதனைச் சொல்லலாம்.

போர்த்துக்கீசியருக்குப் பின் வந்தவர் ஒல்லாந்தர். 1613-இல் அவர்கள் கெல்திரியா என்ற கோட்டையை இங்கே நிறுவினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. பின்னர் அத்தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதரும் செங்கற்குவியலுமே எஞ்சியுள்ளன. ஆனால் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள், வருவோர்க்குச் சாவை நினைவூட்டி நிற்கின்றன. உள்ளே சென்றால், வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், இளங்குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள், குடும்பச் சின்னங்கள், பிறந்த நாள், இறந்த நாள் யாவும் அழியாத கல்லில் அழகுற வெட்டப்பட்டிருக்கின்றன.

இத்தனை பெயர்களைப் படித்து முடித்த பின்னர், பெயரில்லாத மற்றொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. இதே கரையிலிருந்துதான் ஒல்லாந்தக் கம்பெனி மனிதர்களையும் சரக்காக ஏற்றி அனுப்பியது. பஞ்சம் வந்த காலங்களில் பெற்றோர் பசி தாளாது பிள்ளைகளை விற்றனர். பிள்ளைகள் தம்மையே விற்றனர். 1620-களிலும் 1640-களிலும் பழவேற்காடு முதலிய சோழமண்டலத் துறைகளிலிருந்து கப்பல்கள் அடிமைகளைப் பத்தாவியாவிற்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவிற்குச் சுமந்து சென்றன. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது 8,000 முதல் 10,000 பேர் வரை இவ்வாறு கடல் கடத்தப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். அவர்களில் ஒருவருக்கேனும் இங்குக் கல் இல்லை. வாங்கியவனுக்குப் பளிங்கைப் போன்ற கல்லறை. விற்கப்பட்டவனுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண். மனிதரை மனிதர் எவ்வாறு தரம் பிரித்தனர் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் பாடநூல் உண்டோ?

இனி ஏரிக்கு வருவோம். இங்குள்ள மீனவரிடையே பாடு என்று ஒரு முறை நெடுங்காலமாக நிலவுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான மீன்பிடி இடங்களை எவரும் தனியுடைமையாக்கிக்கொள்ள இயலாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் அவ்விடங்களைத் தம்முள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாள் ஓர் ஊர் வலை விரித்தால் மறுநாள் அடுத்த ஊர் விரிக்கும். ஊருக்குள்ளும் இன்னார்க்கு இன்ன இடம் என்பதைச் சீட்டே தீர்மானிக்கிறது. நல்ல இடம் கிடைத்தவன் செருக்கடைய வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் அது மற்றவனுக்குப் போய்விடும். குறைந்த இடம் பெற்றவன் மனம் சோர வேண்டியதும் இல்லை. அவனுக்கும் நல்ல நாள் வரும். எழுதிய சட்டமோ காவல் நிலையமோ இன்றி, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தமக்குள் வகுத்துக்கொண்ட நியாயம் இது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலில் நம் கத்தோலிக்க மீனவரிடையேயும் இதுபோலவே இடத்தை முறை வைத்துப் பகிரும் வழக்கம் உண்டு. அறிஞர்கள் இம்முறைகளை ஆராய்ந்து வியந்து எழுதியிருக்கின்றனர்.

வியப்பிற்குரியதுதான். எனினும் ஒரு வினா எழாமல் இல்லை. பாட்டில் பெயர் உள்ளவர்களுக்குள் இது நியாயம், பெயர் இல்லாதவர்களுக்கு? பாட்டுரிமை பரம்பரையாகப் பட்டினவர் குலத்து ஊர்களுக்கு உரியது. ஏரிக்கரையில் தாழ்த்தப்பட்டோர் ஊர்களும் உண்டு. இருளர் குடியிருப்புகளும் உண்டு. காலப்போக்கில் மீன்பிடிக்க வந்த பிறரும் உண்டு. அவர்களுக்கு முகத்துவாரத்து நல்ல இடங்களில் முறை இல்லை. வலையோ படகோ இல்லாத இருளர் பெண்கள், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையில் வரும் மீனுக்கும் கைத்தடவலில் வரும் மீனுக்கும் உள்ள வேறுபாடே அந்தக் குடும்பங்களின் உணவிலும் கல்வியிலும் காணும் வேறுபாடு. இதனால் ஏரியில் பூசல்கள் எழுந்ததுண்டு. பஞ்சாயத்து, அரசு அலுவலகம் என அவை சென்றதுண்டு.

இத்தகைய பூசல் பேச்சில் முடிவதும் உண்டு. நெருப்பில் முடிவதும் உண்டு. நெருப்பில் முடிந்த ஒன்றைத் திரையில் கண்டபின் இந்த ஏரிக்கு வந்தமையால், இங்கே கண்டவை யாவும் அதனோடு சேர்ந்தே மனத்தில் பதிந்தன. அந்த ஆவணப்படத்தின் பெயர் 'ராமையாவின் குடிசை'. பாரதி கிருஷ்ணகுமார் இயக்கி 2005-இல் வெளிவந்தது. கீழவெண்மணியில் நிகழ்ந்த படுகொலையையும் அதன் பின் அவ்வூர் வாழ்ந்த வாழ்வையும் அது பதிவு செய்கிறது.

வாசகர்களில் பலர் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்திற்கு யாத்திரை சென்றிருப்பீர்கள். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் வழியில் கீழ்வேளூர் வரும். அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள சிற்றூர்தான் கீழவெண்மணி. அன்னையை நாடி நாம் செல்லும் பாதைக்கு அவ்வளவு அருகில் உள்ளது. 1968-இல் அது பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழைப் பகுதி. நெல் விளைந்த நிலமெல்லாம் மிராசுதார்களுக்கு. விளைவித்த கைகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு. கூலியாகப் பெற்ற நெல்லில் அரைப்படி கூட்டித் தர வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். சங்கம் அமைத்துச் செங்கொடி ஏற்றினர். கொடியை இறக்கு என்றனர் நிலக்கிழார்கள். அவர்கள் இறக்க மறுத்தனர். கூலிப் பூசலுக்குள் சாதிச் சினம் புகுந்தது. தலை நிமிராதவர்கள் தலை நிமிர்ந்ததே பெருங்குற்றமாகத் தோன்றிற்று.

1968 டிசம்பர் 25. உலகெங்கும் திருக்குழந்தையின் பிறப்பைக் கொண்டாடிய நாளின் இரவு. அன்று மாலை நடந்த மோதலில் நிலக்கிழார் தரப்பைச் சார்ந்த ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் ஒரு கும்பல் ஆயுதங்களோடு தாழ்த்தப்பட்டோர் தெருவில் புகுந்தது. ஓட முடிந்த ஆடவர் வயல்களில் சிதறி ஓடினர். ஓட முடியாத முதியோரும் பெண்களும் பிள்ளைகளும் தெருக்கோடியில் இருந்த ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தனர். கதவு அடைபட்டது. கூரைக்குத் தீ வைக்கப்பட்டது. மாண்டவர் 44 பேர். அவர்களுள் 20 பேர் பெண்கள். 19 பேர் குழந்தைகள்.

பெத்லகேமில் இடமின்றித் தவித்த ஒரு குடும்பத்தை நினைவுகூர்ந்து நாம் குடில் அமைக்கும் அதே இரவில், இடம் தேடி ஒரு குடிலுக்குள் புகுந்த மக்கள் சாம்பலாயினர். ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் திருநாளைத் திருச்சபை டிசம்பர் 28-இல் கொண்டாடுகிறது. நம் நாட்டில் அந்நாள் மூன்று நாள் முந்தி வந்துவிட்டது என்றே எண்ணத் தோன்றுகிறது.

கொலை ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. ஆனால் கொலைக்குப் பிந்திய வாழ்வு அவ்வாறு முடிவதில்லை. வெண்மணி வழக்கில் 1970-இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார் தரப்பினர்க்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிறைந்த நிலபுலன்களும் காரும் உடைய செல்வர்கள் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பர் என்று நம்புதல் கடினம் என்பது தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. செல்வம் மாசின்மைக்குச் சான்றாக ஏற்கப்பட்டதே என்று நாடு திகைத்தது. மறுபுறம், அம்மாலை மாண்டவரின் கொலைக்காகத் தொழிலாளர் சிலர் தண்டனை அனுபவித்தனர். 1980 டிசம்பரில், வழக்கின் முதன்மை எதிரியாக இருந்தவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நீதி மறுக்கப்பட்ட இடத்தில் பழி தலையெடுத்தது. பழியினால் 44 பேரில் ஒருவரும் மீளவில்லை. மற்றுமொரு சாவே கூடியது.

எனினும் அவ்வூரின் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையம் கூலிச் சிக்கலை ஆராய்ந்தது. 1969-இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதிகளான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் செய்தி கேட்டுக் கீழைத் தஞ்சைக்கு வந்து அம்மக்களிடையே தங்கினர். பூமிதான இயக்கத்தில் வினோபா பாவேயுடன் நடந்த அவர்கள், இங்கே நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத் தரும் பணியைத் தொடங்கினர். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கம் பிறந்தது. நிலக்கிழார்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நியாய விலைக்கு நிலம் வாங்கிப் பெண்களின் பெயரில் பதிந்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு சொந்த நிலம் கண்டன. அரைப்படி நெல்லுக்காக எரிக்கப்பட்டவர்களின் இனத்தார் தம் வயலில் தாமே அறுவடை செய்தனர். இத்தொண்டிற்காக இத்தம்பதியருக்கு 2008-இல் சுவீடன் நாட்டிலிருந்து வழங்கப்படும் 'நல்வாழ்வு உரிமை' விருது கிடைத்தது. வெண்மணியிலே 44 பெயர்களும் பொறித்த நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் திரண்டு அங்கே மலர் வைக்கின்றனர்.

கடல் கடந்தும் இதற்கு ஒப்பு உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1955 ஆகஸ்டில் எம்மெட் தில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறை தவறிப் பேசினான் என்று சொல்லிக் கடத்திக் கொன்று ஆற்றில் எறிந்தனர். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு குற்றவாளிகளை ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே பணம் பெற்றுக்கொண்டு பத்திரிகையில் தம் செயலை ஒப்புக்கொண்டனர். மகனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்று தாய் சவப்பெட்டியைத் திறந்து வைத்தாள். அத்தாயின் துணிவு ஒரு விடுதலை இயக்கத்திற்கு உரமாயிற்று. பல்லாண்டுகள் கழித்து அக்கொலையைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படங்கள் மக்கள் மனச்சான்றை மீண்டும் தட்டின. 2004-இல் அமெரிக்க அரசு விசாரணையைத் திரும்பத் திறந்தது. 2022-இல் கும்பற் கொலைக்கு எதிரான சட்டம் ஒன்று அச்சிறுவனின் பெயராலேயே நிறைவேறியது. அங்கே நிறம், இங்கே சாதி. பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் அளவுகோல் இரண்டிடத்தும் ஒன்றே. குலப்பிறப்பால் வரும் பாகுபாடும் இனப்பாகுபாட்டினுள் அடங்கும் என்று ஐக்கிய நாடுகளின் குழு 2002-இல் அறிவித்தது.

இவற்றையெல்லாம் படிக்கையில், அது நிலக்கிழாரின் கொடுமை, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாம் ஒதுங்கிவிடலாம். ஒதுங்க இடமில்லை. 2008 மார்ச் மாதத்தில் விழுப்புரம் பகுதியைச் சார்ந்த எறையூரில், ஒரே செபமாலை அன்னையை வணங்கும் இரு சாதிக் கத்தோலிக்கரிடையே மூண்ட கலவரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் மாண்டனர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பி இறந்தோரையும் சாதி பிரித்த கதையை நாம் அறிவோம். தாழ்த்தப்பட்டோரிடையிலிருந்து வந்தவரே இந்தியக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர். ஆயினும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவராகிவிட்ட தாழ்த்தப்பட்டோர்க்கு அட்டவணைச் சாதிச் சலுகையை மறுக்கிறது. வெளியே அரசு மறுக்கிறது. உள்ளே நாமும் மறுத்தால் அவர்கள் எங்கே செல்வர்? நம் இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதனைப் பாவமெனக் கண்டித்தது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைப் பங்குகள் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இக்கேள்வியோடு மீண்டும் பழவேற்காட்டு ஏரியைப் பாருங்கள். இன்று ஏரி நலிவுற்றிருக்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறைகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளி ஆகிய இடங்களில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வளர்ந்துள்ளன. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குச் செல்லத் தடை வருகிறது. மீன் குறைகிறது, வலைகளோ பெருகுகின்றன. வளம் மிகுந்திருந்த காலத்தில் பொறுத்துக்கொண்ட வேற்றுமை, வளம் குறையும் காலத்தில் பொறுக்க முடியாததாகிவிடும். வெண்மணியிலும் பூசல் அரைப்படி நெல்லில்தான் தொடங்கிற்று. இங்கே அது ஒரு கூடை இறாலில் தொடங்கலாம்.

ஆனால் பழவேற்காட்டார் கையில் ஒரு பெருஞ்செல்வம் இருக்கிறது. அது பாடு முறையே. வலியவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடாமல், இன்று உனக்கு, நாளை எனக்கு என்று சொல்லக் கற்ற மக்கள் அவர்கள். பகிர்வதற்கு வழி தெரியாத ஊரில்தான் புதிதாகக் கற்பிக்க வேண்டும். இங்கே தெரிந்த வழியைச் சற்று அகலமாக்கினால் போதும். முறை வைக்கும் பட்டியலில் விடுபட்டோர் பெயரும் சேர வேண்டும். அதைச் சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. பட்டியலில் பெயர் கூடினால் முறை வரும் நாள் தள்ளிப்போகும். குறைந்த வருவாய் மேலும் குறையும். அவ்விழப்பை ஏழை மீனவன் மட்டுமே தாங்க வேண்டும் என்று கூறுதல் நியாயமன்று. முகத்துவாரத்தை ஆழப்படுத்துதல், கழிவுநீரைத் தடுத்தல், வலையும் படகும் இல்லாதோர்க்கு அவற்றை வழங்குதல் ஆகிய கடமைகள் அரசுக்கு உண்டு. அரசு தன் பங்கைச் செய்யும்போது ஊரும் தன் பங்கைச் செய்யலாகும். வெண்மணியில் ஜெகந்நாதன் தம்பதியர் காட்டிய பாடம் இதுவே. ஒருவரிடமிருந்து பறித்து மற்றவர்க்குத் தராமல், இருவரையும் அமர்த்திப் பேசி, இடையில் உதவி செய்து, உரிமையை மாற்றி எழுதினர்.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இந்த ஏரியில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது விபத்து. வெண்மணி விபத்தன்று. முன்னதற்கு அழுதால் போதும். பின்னதற்கு அழுது, வருந்தி, திருந்தவும் வேண்டும்.

இக்கட்டுரையை வாசிக்கும் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். வாய்ப்பு கிட்டினால் 'ராமையாவின் குடிசை' படத்தைப் பங்கின் இளைஞரோடும் அன்பியக் குழுவோடும் சேர்ந்து பாருங்கள். பார்த்தபின் எழுந்து சென்றுவிடாமல் அமர்ந்து பேசுங்கள். அடுத்து, நம் பங்கில் திருவிழாச் செலவுக்கு வரி வாங்கும் பட்டியல், தேர் இழுக்கும் முறை, பாடகர் குழு, பங்குப் பேரவை, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றில் யார் பெயர் இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் கல்லறையில் அடிமைகளின் பெயர் இல்லாததற்கு இன்று எவரும் ஒன்றும் செய்ய இயலாது. உயிரோடு இருப்பவரின் பெயர் விடுபட்டிருந்தால், அதை எழுதிச் சேர்க்க நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.